சாவி யார் கையில்? ஃபிளாட்பேக் சாண்ட்பாக்ஸ் சர்ச்சை: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபரில் ஃபிளாட்கில் என்ற பெயரில் ஒரே ஒரு பக்கம் கொண்ட இணையதளம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை, அலங்காரம் எதுவும் இல்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஆப்களை நிறுவவும், ஒவ்வொன்றையும் சாண்ட்பாக்ஸ் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்துப் பாதுகாப்பாக ஓட்டவும் வந்த ஃபிளாட்பேக்தான் பாதுகாப்புக்கே கேடு என்பது அதன் வாதம். கிம்ப், விஎஸ் கோட், பைசார்ம், இங்க்ஸ்கேப், ஸ்டீம், ஆடாசிட்டி, விஎல்சி என்று தினமும் புழங்குகிற ஆப்களாகப் பட்டியல் போட்டு, இவை எல்லாமே உங்கள் ஹோம் ஃபோல்டரில் கைவைக்கும் அனுமதி அல்லது அதற்குச் சமமான ஒன்றோடுதான் வருகின்றன, ஆனால் நிறுவும்போது மட்டும் திரையில் "சாண்ட்பாக்ஸ்" என்று ஓர் ஆறுதல் சின்னம் தெரிகிறது என்று சொன்னது.

இதற்கு அந்தப் பக்கம் காட்டிய உதாரணம் ஒரே ஒரு வரி. லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் பாஷ்ஆர்சி என்று ஒரு மறைந்த ஃபைல் இருக்கும். டெர்மினலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதில் உள்ள கட்டளைகள் தானாக ஓடும். ஹோம் ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ள எந்த ஆப்பும் அந்த ஃபைலின் கடைசியில் "இன்ன இடத்திலிருந்து இதை இறக்கி ஓட்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ஆப் தன் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை, இயங்குதளத்தின் மையமான கெர்னலில் எந்த ஓட்டையும் தேடவில்லை, கொடுத்த அனுமதியைத்தான் பயன்படுத்தியது. அடுத்த தடவை நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது அந்த வரியை நீங்களே, பெட்டிக்கு வெளியே, உங்கள் முழு அதிகாரத்தோடு ஓட்டிவிடுவீர்கள்.

இதைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சிக்கு இது மோசடி அம்பலம். இன்னொரு கட்சிக்கு இது அரைகுறை அவதூறு. பல ஆண்டுகள் ஆகியும் இந்தச் சண்டை அதே வாக்கியங்களோடு திரும்பத் திரும்ப நடக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் பெட்டியின் சுவர் எவ்வளவு தடிமன் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் கதவு எங்கே வைப்பது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. இந்த வழக்கை எடுத்ததே அதற்காகத்தான்.

முன்கதை

யூனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டார்கள். அதனால் ஒரு பயனர் இன்னொரு பயனரின் ஃபைலைத் தொடக்கூடாது என்பதுதான் பாதுகாப்பு. நீங்கள் ஓட்டும் நிரல் உங்கள் ஃபைலைத் தொடக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. அதே அமைப்பு லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்தது. ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் எங்கெங்கோ எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான நிரல்கள் அவருடைய பெயரிலேயே ஓடுகின்றன. நேற்று நிறுவிய ஒரு கால்குலேட்டர் நினைத்தால் வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் குக்கிகளையும், வருமானவரிக் கணக்கு பிடிஎஃப்பையும் எடுத்துப்போகலாம், கேட்க நாதி இல்லை. ஆண்ட்ராய்டு இதை 2008-லேயே வேறு மாதிரி செய்தது. ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி பயனராகவே கெர்னலுக்குக் காட்டியது. ஃபோன் புதிது, சுமக்க வேண்டிய பழைய ஆப்கள் இல்லை, அதனால் முடிந்தது.

டெஸ்க்டாப்பில் சாண்ட்பாக்ஸ் அறவே இல்லாமல் இருந்ததா என்றால் இல்லை. 2008-ல் வந்த க்ரோம் ஆரம்பத்திலிருந்தே வலைப்பக்கத்தைக் கையாளும் பகுதியைத் தனியாக அடைத்து வைத்தது. 2010 நவம்பரில் அடோபி ரீடர் 10, ப்ரொடெக்டட் மோட் என்று விண்டோஸில் அதையே செய்தது. அதை உடைத்து வெளியே வந்த தாக்குதல் 2013 பிப்ரவரியில்தான் பிடிபட்டது. பிடிஎஃப் வழியாக வைரஸ் வருவது அன்றாடமாக இருந்த காலத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது சின்ன விஷயமில்லை. ஆனால் இவை இரண்டிலும் அடைபடுகிறவரும் அடைக்கிறவரும் ஒரே ஆள். க்ரோமை எழுதியவர்களுக்கே க்ரோமை அடைத்து வைக்க ஆசை, அதற்காகத் தங்கள் நிரலை வெட்டிப் பிரித்து எழுதினார்கள். ஊரார் எழுதிய ஆப்களை வெளியிலிருந்து ஒரு பெட்டிக்குள் தள்ளுவது அப்படி இல்லை. ஃபிளாட்பேக், உபுண்டுவின் ஸ்னாப், ஆப்பிளின் மேக் ஆப் ஸ்டோர் மூன்றும் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வேலையை.

ஃபிளாட்பேக்கை முதன்மையாக உருவாக்கியவர் அலெக்சாண்டர் லார்சன். முதலில் எக்ஸ்டிஜி-ஆப் என்று இருந்தது, 2016 மே மாதம் இந்தப் பெயர் வந்தது. பபுள்ராப் என்ற சிறிய நிரல் கெர்னலின் நேம்ஸ்பேஸ் வசதியை வைத்து ஆப்புக்கென ஒரு தனி உலகத்தைக் கட்டித் தரும். உள்ளே இருந்து பார்த்தால் உங்கள் ஹோம் ஃபோல்டர் தெரியாது, மற்ற ஆப்களின் ப்ராசஸ்கள் தெரியாது, கெர்னலிடம் ஆப் வைக்கும் கோரிக்கைகளில் (சிஸ்டம் கால்) ஆபத்தான சிலவற்றை செக்காம்ப் என்ற வடிகட்டி தடுத்துவிடும். எதெல்லாம் தெரிய வேண்டும் என்பதை ஆப்பின் மேனிஃபெஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். இந்த மேனிஃபெஸ்டை எழுதுகிறவர் ஆப்பைப் பேக்கேஜ் செய்கிறவர், அதாவது நிறுவத் தயாரான மூட்டையாகக் கட்டுகிறவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 2016-ல், ஏப்ரலில், உபுண்டு 16.04 வந்தது. ஸ்னாப் பேக்கேஜ்கள் ஒன்றையொன்று தொட முடியாது, பாதுகாப்பானவை என்று உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம் பெருமையாக அறிவித்தது. லினக்ஸ் பாதுகாப்பு நிபுணர் மேத்யூ காரெட் உடனே ஒரு கரடி பொம்மையைக் கொண்டுவந்தார். திரையில் ஒரு டெடி பேர் படம் காட்டும் பழைய விளையாட்டு நிரலை எடுத்து, கொஞ்சம் திருத்தி, ஸ்னாப்பாகப் போட்டார். கரடி சிரித்துக்கொண்டே இருக்கும், பின்னால் அது நீங்கள் ஃபயர்ஃபாக்ஸில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்கும், டெர்மினலில் தானே எழுத்துகளைத் தட்டவும் செய்யும். காரணம் எக்ஸ்11. 1980-களில் வடிவமைத்த அந்தத் திரை அமைப்பில், திரையைப் பகிரும் எல்லா நிரலும் மற்ற நிரல்களின் விசைத் தட்டல்களைக் கேட்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். ஃபைல் பக்கம் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோஜனமில்லை. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறினால்தான் விடிவு என்றார் காரெட். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் அந்த வருட நவம்பரில் மாறியது. உபுண்டு ஒரு தடவை மாறி, பின்வாங்கி, 2021-ல்தான் உறுதியாக மாறியது. நடுவில் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர முடியாமல் எத்தனை பேர் வேலண்டைத் திட்டித் தீர்த்தார்கள் என்பது தனிக் கதை.

குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றாக

ஃபிளாட்கில் சொன்ன மூன்றில் சின்னதை முதலில் முடித்துவிடலாம். செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓட வைக்கும் குறி) போட்ட ஃபைலை ஒரு பேக்கேஜ் கொண்டுவந்தால், அது முழு அதிகாரம் உள்ள ரூட் பெயரிலேயே உங்கள் கணினியில் உட்கார்ந்துவிடும் என்ற ஓட்டை. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2017-9780. 2017 ஜூனிலேயே சரிசெய்துவிட்டார்கள். ரூட் அதிகாரம் வரை போகக்கூடிய ஒன்றை "சின்னத் திருத்தம்" போல அறிவித்தார்கள் என்பதுதான் புகார். நியாயமான புகார்தான், ஆனால் அன்றோடு முடிந்த விஷயம்.

இரண்டாவது, அப்டேட். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு மோசமான ஓட்டை 2018 மே மாதக் கடைசியில் அடைக்கப்பட்டது. டிஸ்ட்ரோக்கள், அதாவது உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள், அந்தத் திருத்தத்தை உடனே பயனர்களுக்கு அனுப்பிவிட்டன. ஃபிளாட்பேக் ஆப்களின் கடையான ஃபிளாட்ஹப்பில் இருந்த விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டரின் பேக்கேஜுக்குள் நான்கு மாதம் கழித்தும் பழைய கிட்தான் இருந்தது என்று ஃபிளாட்கில் காட்டியது. இது ஃபிளாட்பேக்கின் பிறவிக் குணம். ஒவ்வொரு ஆப்பும் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே சுமந்து வருகிறது, ரன்டைம் என்ற பொது மூட்டையில் இல்லாதவற்றைப் புதுப்பிப்பது அந்தந்தப் பேக்கேஜ்காரரின் சுறுசுறுப்பைப் பொறுத்தது. பிறகு ஃபிளாட்ஹப்பில் பழைய பதிப்புகளைத் தானாகக் கண்டுபிடித்து எச்சரிக்கும் ரோபோ வந்தது, நிலைமை தேறியது. முழுசாகத் தீரவில்லை.

முதல் குற்றச்சாட்டுதான் கனமானது: அனுமதிகள். கிம்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தைத் திருத்தும் ஆப்புக்கு உங்கள் டிஸ்க் முழுவதும் எதற்கு? பேராசை இல்லை, வயசு. 2018-ல் இருந்த கிம்ப் 2.10, ஜிடிகே2 என்ற பழைய கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது. "ஓப்பன்" என்று அழுத்தினால் வரும் அந்த ஃபைல் தேர்வுப் பெட்டியை கிம்ப்பின் ப்ராசஸே வரைகிறது. ஃபோல்டரைத் திறந்து பெயர்களை வாசித்துப் பட்டியல் போடுவதும் கிம்ப்தான். ஆகவே டிஸ்க்கை மறைத்துவிட்டால் அந்தப் பெட்டி காலியாகத் தெரியும், பயனர் "என் படமெல்லாம் எங்கே போச்சு" என்று அலறுவார். பேக்கேஜ்காரருக்கு இரண்டே வழி: ஆப்பைத் திரும்ப எழுதுவது, அல்லது மேனிஃபெஸ்டில் ஒரு வரி சேர்ப்பது. யாராக இருந்தாலும் ஒரு வரிதான் சேர்ப்பார்கள். ஜிடிகே3-க்குக் கிம்ப் மாறி 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில்.

விஎஸ் கோட் இன்னும் விசித்திரம். அதை ஃபிளாட்பேக்கில் நிறுவி, உள்ளேயே இருக்கும் டெர்மினலைத் திறந்து ஜிசிசி என்ற கம்பைலரின் பெயரைத் தட்டினால், நீங்கள் நிறுவி வைத்திருக்கும் கம்பைலரைத் தேடாது. பெட்டிக்குள் எது இருக்கிறதோ அதுதான் அதற்குத் தெரியும். உங்கள் பைத்தான் வேறு, அதன் பைத்தான் வேறு. இதைச் சமாளிக்க ஃபிளாட்பேக்-ஸ்பான் என்று ஒரு கட்டளை இருக்கிறது, "ஹோஸ்ட்" என்று சேர்த்துக் கொடுத்தால் அடுத்து வருவதைப் பெட்டிக்கு வெளியே ஓட்டித் தரும். அதற்கான அனுமதியை மேனிஃபெஸ்டிலேயே வாங்கி வைத்திருக்கிறது. வெளியே எந்தக் கட்டளையையும் ஓட்ட அனுமதி உள்ள ஓர் ஆப்பைச் சாண்ட்பாக்ஸில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்னாப்பின் நேர்மை எனக்குப் பிடிக்கும். அங்கே இப்படிப்பட்ட ஆப்களுக்கு கிளாசிக் என்று தனி வகை, பெட்டியே கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள், டெர்மினலில் நிறுவும்போது நீங்களும் "கிளாசிக்" என்று தட்டித்தான் ஆக வேண்டும்.

பக்கத்தில் கிடக்கும் ஃபைல்

சரி, ஜிடிகே2 பழசு, புதிதாக எழுதினால் தீர்ந்துவிடுமா? பாதி தீரும். அந்தப் பாதிக்குப் பெயர் போர்ட்டல். புதிய ஆப் "ஓப்பன்" அழுத்தினால், தேர்வுப் பெட்டியை ஆப் வரையாது, பெட்டிக்கு வெளியே இருக்கும் டெஸ்க்டாப்பே வரையும். நீங்கள் ஒரு ஃபைலைத் தொட்டதும் அந்த ஒரு ஃபைல் மட்டும் உள்ளே போகும். "இந்த ஆப்புக்கு அனுமதி தரலாமா" என்று யாரும் கேட்கவில்லை, நீங்கள் எப்படியும் செய்யப்போகிற காரியமே அனுமதி ஆகிவிடுகிறது. டெஸ்க்டாப் பாதுகாப்பில் இதுவரை வந்த யோசனைகளில் இதுதான் எனக்கு ஆகச் சிறந்ததாகப் படுகிறது. ஆப்பிள் இதையே பவர்பாக்ஸ் என்கிறது.

மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு படம் போட்டுப் பாருங்கள். போர்ட்டலை மட்டுமே நம்பும் ஒரு வீடியோ பிளேயர். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் படம்.எம்பி4 இருக்கிறது, பக்கத்திலேயே படம்.எஸ்ஆர்டி, சப்டைட்டில். பிளேயரில் ஓப்பன் அழுத்தி எம்பி4-ஐத் தேர்ந்தெடுக்கிறீர்கள். படம் ஓடுகிறது, சப்டைட்டில் வரவில்லை. ஏன்? டாக்குமென்ட் போர்ட்டல் அந்த எம்பி4-ஐ ரன், யூசர், 1000, டாக் என்று போகிற ஒரு பாதைக்குள், யாருக்கும் புரியாத எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வைத்துக் கொடுத்தது. பிளேயர் வழக்கம்போல "நான் திறந்த ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் இதே பெயரில் எஸ்ஆர்டி உண்டா" என்று எட்டிப் பார்க்கிறது. அந்த ஃபோல்டரில் இருப்பது ஒரே ஒரு ஃபைல். அடுத்த பாகத்தைத் தானாகப் போடுவதும் இதே காரணத்தால் நின்றுவிடும். "சமீபத்தில் பார்த்தவை" பட்டியலைத் திறந்தால் டவுன்லோட்ஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் புரியாத பாதை நிற்கும்.

பயனர் கண்ணுக்கு இது பாதுகாப்பாகத் தெரியாது, உடைந்த பிளேயராகத் தெரியும். ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். பேக்கேஜ்காரர் மறுநாள் மேனிஃபெஸ்டில் "ஹோம்" என்று சேர்ப்பார்.

வீடியோ மட்டுமா? ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலைத் திறந்தால் அதன் படங்கள் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும். லேடெக் ஆவணம் வேறு பத்து ஃபைல்களை இழுக்கும். இங்க்ஸ்கேப் படத்துக்குள் இன்னொரு படத்தை இணைத்திருப்பார்கள். ப்ரோக்ராம் எழுதுகிறவருக்கோ ஃபைல் என்று தனியாக ஒன்றே இல்லை, ப்ராஜெக்ட்தான். ஃபோனில் ஒரு ஆப்பின் தரவு அந்த ஆப்புக்குள் அடங்கும். டெஸ்க்டாப்பில் ஃபைல் பொதுச்சொத்து, இன்று ஒரு ஆப் தொடும், நாளை இன்னொன்று தொடும், ஒன்றுக்கொன்று பெயராலும் இடத்தாலும் கட்டியிருக்கும். அனுமதி ஒற்றை ஃபைலாக நகர்கிறது, வேலை ஃபைல் கூட்டமாக நடக்கிறது. "ஹோம்" அனுமதிகளில் பெரும்பகுதிக்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் கணிப்பு. ஆப்பிள் இதை உணர்ந்து, ஒரே பெயரில் வேறு நீட்டிப்புள்ள பக்கத்து ஃபைலையும் திறக்க ஆப் முன்கூட்டியே அறிவித்து அனுமதி பெறும் வழி ஒன்று வைத்தது. அது சப்டைட்டிலுக்குச் சரி, ப்ராஜெக்டுக்கு உதவாது. போர்ட்டலிலும் முழு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வசதி பிறகு வந்தது, ஆனால் ஆப் எழுதுகிறவர் அதைக் கேட்டு வாங்கும்படி எழுத வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் வழியாகத்தான் பலரும் ஓட்டுகிறோம். ஐபஸ் என்பது எல்லா ஆப்களின் விசைத் தட்டல்களும் கடந்து போகும் பொதுப் பாதை. பெட்டிக்குள் இருக்கும் ஆப்பை அந்தப் பாதையில் நேரடியாக விட்டால், மற்ற ஆப்களில் தட்டுவதையும் ஒட்டுக்கேட்கும். விடாவிட்டால் தமிழ் வராது, ஆங்கிலம் மட்டும் வரும். கடைசியில் ஐபஸுக்கென்றே ஒரு போர்ட்டல் எழுத வேண்டியதாயிற்று. எழுத்துரு விஷயத்தில் பிரச்சினை குறைவு, கணினியில் உள்ள எழுத்துருக்களை வாசிக்க மட்டும் என்று உள்ளே காட்டிவிடுகிறார்கள்.

நடுவில் இருந்தவர்

ஃபிளாட்பேக் ஆதரவாளர்களின் பதில் எளிமையானது: ஓட்டைப் பெட்டியோ என்னவோ, டெபியன், உபுண்டு டிஸ்ட்ரோக்களின் வழக்கமான டெப் பேக்கேஜுக்குப் பெட்டியே கிடையாதே! டெப் நிறுவும்போது அதன் ஸ்கிரிப்ட் ரூட்டாகவே ஓடுகிறது, நிறுவிய பிறகு ஆப் உங்கள் பெயரில் எதையும் செய்யும். "ஹோம்" அனுமதியோடு வரும் ஃபிளாட்பேக் அதைவிட மோசம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைத் தாண்டிக் குதிக்கிறது. டெபியனில் ஓர் ஆப் உங்களிடம் வருவதற்கு முன் எழுதியவரைச் சாராத ஒரு மெயின்டெய்னர் நடுவில் நிற்கிறார். அவர் மூலநிரலை எடுத்துத் தானே பேக்கேஜ் செய்கிறார், வேண்டாத உளவு வசதிகளைச் சிலசமயம் வெட்டிவிடுகிறார், ஓட்டை வந்தால் பழைய பதிப்புக்கே தீர்வை ஒட்டுகிறார். மெதுவானவர்தான், ஆப் எழுதுகிறவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது, "என் ஆப்பின் இரண்டு வருடப் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு எனக்கு பக் ரிப்போர்ட் வருகிறது" என்று புலம்புவார்கள். ஃபிளாட்பேக் கொடுத்த வாக்கு என்னவென்றால், இந்த நடுவரை எடுத்துவிடலாம், ஆப் எழுதியவரே நேராகப் பயனருக்குத் தரலாம், நடுவரின் நம்பிக்கைக்குப் பதிலாகச் சாண்ட்பாக்ஸ் இருக்கும் என்பது. நடுவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு வரவேண்டிய சாண்ட்பாக்ஸ் "ஹோம்" என்ற ஒரு வரியில் கரைந்துவிட்டால் மிஞ்சுவது என்ன? டெப்போடு ஒப்பிட்டு "சமம்தானே" என்று சொல்வது இந்தக் கணக்கில் பாதியைத்தான் காட்டுகிறது.

நடுவர் தவறே செய்யாதவர் என்றும் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் நூலகத்துக்குள் பின்கதவு வைத்த பதிப்பு டெபியன் அன்ஸ்டேபிளுக்குள்ளும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் எஸ்எஸ்ஹெச் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே என்று நோண்டப்போய்த்தான் அது வெளியே தெரிந்தது. மெயின்டெய்னர் கண்ணிலும் மண் தூவலாம்.

ஆப்பிள் இதே பரீட்சையை எழுதிய விதம்

லினக்ஸ்காரர்கள் இந்தச் சண்டையைப் புதிதுபோல நடத்துகிறார்கள், ஆப்பிள் அதை ஏற்கெனவே ஒரு சுற்று நடத்தி முடித்திருந்தது. மேக் ஆப் ஸ்டோரில் இருக்க வேண்டுமானால் சாண்ட்பாக்ஸ் கட்டாயம் என்று விதி. முதல் கெடு 2011 நவம்பர், பிறகு 2012 மார்ச், கடைசியில் 2012 ஜூன் 1. ஃபிளாட்பேக்கில் "ஹோம்" என்று ஒரு வரி எழுதித் தப்பிக்கலாம், இங்கே அது முடியாது, ஆப்பிள் எந்த அனுமதியைக் கொடுக்கிறதோ அவ்வளவுதான். ஆகவே டெவலப்பர்கள் கடையை விட்டே வெளியேறினார்கள். டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர் புதிய பதிப்பைக் கடையில் வைக்கவில்லை. பேனிக் நிறுவனம் கோடா 2.5-ஐ வெளியேதான் விற்றது. 2014-ல் பிபிஎடிட் போனது. 2015 கடைசியில் ஸ்கெட்ச்சும் போனது, அவர்கள் சொன்ன காரணங்களில் சாண்ட்பாக்ஸும் ஒன்று. ஆப் எழுதுபவரும் வலைப்பதிவருமான மார்கோ ஆர்மென்ட் 2012-லேயே, வாங்கிய ஆப் கடையை விட்டுப் போய்விடும் அனுபவம் பட்ட பயனர்கள் இனி அங்கே வாங்கவே யோசிப்பார்கள் என்று எழுதினார்.

2018 ஜூனில் ஆப்பிள் இறங்கி வந்தது. பிபிஎடிட்டும் பேனிக்கின் டிரான்ஸ்மிட்டும் திரும்பி வருவதாக மேடையிலேயே அறிவித்தார்கள். பயனரே ஃபோல்டரைச் சுட்டி விரிவான அனுமதி தர வழி செய்ததால் இது நடந்தது. டிரான்ஸ்மிட் அதே வருடம் வந்தது, பிபிஎடிட் 2019-ல். விளைவைப் பார்த்தால் ஃபிளாட்பேக்கின் "ஹோம்" வரிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை, ஆப் அதே அளவுக்குத்தான் எட்டிப் பார்க்கிறது. ஆனால் அங்கே பேக்கேஜ்காரர் தன் அறையிலிருந்து எல்லோர் சார்பிலும் கையெழுத்துப் போட்டார். இங்கே ஒவ்வொரு பயனரும் தன் கையால் திறந்துவிடுகிறார், எதற்காக என்று ஆப் அப்போதே விளக்க வேண்டியிருக்கிறது, கொடுக்காமலும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சாண்ட்பாக்ஸ்.

விண்டோஸ் கதை சுருக்கம்: 2012-ல் விண்டோஸ் 8-ன் கடை ஆப்களுக்குப் பெட்டி போட்டார்கள், பெரிய ஆப்கள் யாரும் அங்கே வரவில்லை, பழைய ஆப்களையும் அடைக்கும் திட்டத்தை 2023-ல் முன்னோட்டமாக விட்டார்கள்.

பெட்டியை உடைக்காமலே

2024 பிப்ரவரியில் ஒரு உபுண்டு பயனர் ஸ்னாப் கடையிலிருந்து எக்ஸோடஸ் என்ற கிரிப்டோ வாலட் பெயரில் இருந்த ஆப்பை நிறுவினார். அது போலி. திறந்ததும், உங்கள் மீட்புச் சொற்களை, அதாவது வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை, தட்டுங்கள் என்றது. தட்டினார். 9 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 4,90,000 டாலர், போய்விட்டது. அந்த ஸ்னாப் கடுமையான அடைப்பில்தான் இருந்தது. அவருடைய ஹோம் ஃபோல்டரை அது தொடவில்லை, தொடத் தேவையும் இல்லை. அதற்கு வேண்டியது ஒரு பெட்டி வரைய ஒரு ஜன்னலும், சொற்களை அனுப்ப இணையமும் மட்டுமே. இரண்டும் எந்த வாலட்டுக்கும் நியாயமாகத் தரவேண்டியவை. 2018 மே மாதத்தில் இதே கடையில் 2048 விளையாட்டு ஒன்று பின்னால் கிரிப்டோ மைனிங் செய்ததும் இதே ரகம், சிபியூவைத் தின்பதற்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

இதில் வேலை செய்திருக்கக்கூடியது யார்? பெயரைப் பதிவு செய்யும்போதே "நீ உண்மையில் எக்ஸோடஸ் நிறுவனமா" என்று கேட்கும் ஒரு மனிதர். கேனானிக்கல் அடுத்த மாதம் புதிய பெயர்களை ஆள் வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. ஆக, வெளியே அனுப்பிய நடுவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெட்டியிலேயே இருந்த ஓட்டைகள்

சாண்ட்பாக்ஸ் நிரலே ஓட்டையாக இருந்ததும் உண்டு. 2021 ஜனவரியில் வந்த சிவிஇ-2021-21261-ல், பெட்டிக்குள் இருக்கும் ஆப் "எனக்கு இன்னொரு சின்னப் பெட்டி போட்டுத் தா" என்று போர்ட்டலைக் கேட்கலாம், கூடவே அனுப்பும் என்விரான்மென்ட் மாறிகள் (நிரலின் நடத்தையை மாற்றும் அமைப்புகள்) வெளியே ஓடும் கட்டளைக்கே போய்ச் சேர்ந்தன. 2024 ஏப்ரலில் சிவிஇ-2024-32462. பின்னணியில் ஓட அனுமதி கேட்கும் போர்ட்டலில், கட்டளையின் பெயருக்குப் பதிலாக இரட்டைக் கோடு போட்டுத் தொடங்கும் ஒன்றைக் கொடுத்தால், பபுள்ராப் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டது. இரண்டுமே சுவரை இடித்துப் போன தாக்குதல்கள் இல்லை. வசதிக்காக வைத்த சின்ன ஜன்னல்கள், அதாவது போர்ட்டல்கள், வழியாக நடந்தவை. சீக்கிரம் அடைத்தார்கள்.

இதைவிடச் சங்கடமானது கெர்னல் பக்கம். சாதாரணப் பயனரே பெட்டி கட்ட வேண்டுமானால் யூசர் நேம்ஸ்பேஸ் வேண்டும். அதே வசதி கெர்னலின் பழைய மூலைகளைத் தாக்குகிறவருக்கும் திறந்துவிடுகிறது. டெபியன் 2021 வரை அதை அணைத்தே வைத்திருந்தது. உபுண்டு 24.04 அதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு மூலம் கட்டுப்படுத்தியது, உடனே பெட்டி கட்டத் தெரிந்த நல்ல ஆப்கள் சில, முக்கியமாக எலெக்ட்ரான் என்ற கருவித்தொகுப்பில் எழுதி, ஆப்இமேஜ் என்ற ஒற்றை ஃபைல் பேக்கேஜாக வந்தவை, திறக்கவே மறுத்தன. பயனர்கள் என்ன செய்தார்கள்? சாண்ட்பாக்ஸ் வேண்டாம் என்று ஒரு கொடியைச் சேர்த்து ஓட்டினார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது பாதுகாப்பை அணைக்க வைத்தது.

இன்றைய நிலை

ஃபிளாட்கில் எழுப்பிய புகாரில் ஒரு பகுதிக்கு வழி கிடைத்துவிட்டது. ஆறுதல் சின்னம் போய்விட்டது. 2021-ல் வந்த க்னோம் 41 டெஸ்க்டாப் முதல், அதன் ஆப் கடையான க்னோம் சாஃப்ட்வேர், ஒவ்வொரு ஆப்பின் அனுமதியையும் பார்த்து, ஹோம் கேட்கிறதா, இணையம் கேட்கிறதா என்று எழுதிக் காட்டுகிறது. ஃபிளாட்ஹப்பும் "ஆபத்து இருக்கலாம்" என்று எச்சரிக்கை போடுகிறது. டெவலப்பர்கள் சிலர் இதைத் திட்டினார்கள், யோக்கியமான ஆப்புக்கும் அதே முத்திரை விழுகிறதே என்று. விழட்டும். ஒரு புதுப்பிப்பில் அனுமதி மாறினால் ஃபிளாட்ஹப் அதை நிறுத்தி வைத்து ஆள் பார்த்த பிறகே விடுகிறது. பயனர் கையில் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் என்ற ஆப் இருக்கிறது, கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் 5.27 முதல் செட்டிங்ஸுக்குள்ளேயே அனுமதிகளை மாற்றலாம்.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு சாதாரணம். வீடியோ பிளேயரிடமிருந்து ஹோமை எடுத்துவிட்டு, படங்கள் இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரை வாசிக்க மட்டும் கொடுத்திருக்கிறேன், சப்டைட்டில் வருகிறது, பாஷ்ஆர்சி அதன் கண்ணில் படாது. சாட் ஆப்களுக்கு டவுன்லோட்ஸ் தவிர எதுவும் இல்லை. கோட் எடிட்டரை டிஸ்ட்ரோவிலிருந்தே நிறுவுகிறேன், அதைப் பெட்டிக்குள் போட்டு ஜன்னல்களாகத் திறப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இதை எல்லோரும் உட்கார்ந்து செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபிளாட்சீலைத் திறந்து சுவிட்சுகளை ஆராய்கிறவர்கள் ஏற்கெனவே கவனமாக இருப்பவர்கள்.

தீராத ஒன்றைக் காட்ட வேண்டுமானால் ஒலியைக் காட்டலாம். பாட்டு கேட்க ஓர் ஆப்புக்கு, ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே கட்டு, ஒன்றைக் கொடுத்து ஒன்றை நிறுத்த ஃபிளாட்பேக்கில் வழியில்லை. பாட்டு ஆப் நினைத்தால் அறையில் பேசுவதைப் பதிவு செய்யலாம். பல்ஸ்ஆடியோவுக்கு மாற்றாக பைப்வயர் வந்த பிறகு இதைப் பிரிக்க முடியும் என்பது தெரிந்ததுதான், எழுத ஆள் வேண்டும். 2025 ஏப்ரலில் அல்பேனியாவின் திரானாவில் நடந்த லினக்ஸ் ஆப் சம்மிட்டில் ஃபிளாட்பேக்கில் பங்களிக்கும் செபாஸ்டியன் விக் இதையும் குறிப்பிட்டார், கூடவே ஃபிளாட்பேக்கின் மைய நிரலில் புதிய வேலை பெரும்பாலும் நின்றுபோய், அனுப்பிய மாற்றங்கள் பரிசீலிக்க ஆளில்லாமல் தேங்கிக் கிடப்பதாகவும் சொன்னார்.